பொன்னுக்கு வீங்கிக் கணக்கு

குருவுக்கு வயது முப்பத்துநான்கு. சீடருக்கு ஐம்பத்தேழு. ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீடரின் மனைவி மட்டும், "பேரன் எடுக்குற வயசுல இவரு டியூசன் போறாரு" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குரு ஷாகிரா பானு, டவுன் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவர். ஒரு நோய் ஊருக்குள் எப்படி நுழையும், எத்தனை பேரைப் பிடிக்கும், எப்போது ஓயும் என்பதையெல்லாம் கணக்காக எழுதிப் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. சீடர் தணிகாசலம், மலையடிவாரத்து வேப்பனேரியில் சுகாதார மேற்பார்வையாளர். முப்பது வருஷமாகக் காய்ச்சலுக்குப் பின்னால் ஓடி ஓடிக் களைத்த மனுஷர். ஒரு தடவையாவது அதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசைதான் சனிக்கிழமைதோறும் அவரை பஸ் ஏற்றிக் கல்லூரியின் காலி வகுப்பறையில், மாணவர் பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்தது. முழங்கால் இடிக்கும். அவர் பொருட்படுத்தவில்லை.

கேள்வி கேட்பதில் அவருக்கு அலுப்பே கிடையாது.

"மேடம், ஒரு நோய் ஏன் நிக்குது? எல்லாருக்கும் வந்து முடிஞ்சா நிக்கும், சரி. ஆனா நிறையப் பேரைத் தொடாமலே போயிடுதே. மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. தானா எப்படி அடங்குது?"

"உங்க ஊர்ல வம்பு எப்படி சார் அடங்குது?"

"வம்பா?"

"யாரோ யாரையோ கூட்டிக்கிட்டு ஓடிட்டாங்கன்னு ஒரு சேதி. முதல் நாள் சொல்றவங்களுக்கு என்ன குஷி! நாலாம் நாள் என்ன ஆகுது?"

தணிகாசலம் யோசித்தார். "வாயைத் திறந்தாலே, 'அட, அது எப்பவோ தெரியுமே'ங்கறாங்க."

"தெரியாதவங்க ஊர்ல யாருமே இல்லையா?"

"இருப்பாங்க. சொல்றவன் எதிர்ல அவங்க ஆப்பிடணுமே!"

ஷாகிரா சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டார். இன்னும் வராதவர்கள். வந்து படுத்திருப்பவர்கள். வந்து போனவர்கள். மூன்றாவது கட்டத்தை விரலால் தட்டினார்.

"வந்து போனவங்க உடம்பு அந்தக் கிருமியோட முகத்தை மறக்காது. மறுபடி வந்தா, 'எப்பவோ தெரியுமே'ன்னு கதவைச் சாத்திடும். இந்தக் கட்டம் பெருக்கப் பெருக்க, கிருமிக்குத் திறந்த கதவு கிடைக்காது."

தணிகாசலம் அன்று பஸ்ஸில் திரும்பும்போது, பக்கத்து சீட்டுக்காரரையும் கண்டக்டரையும் எந்தக் கட்டத்தில் போடுவது என்று யோசித்துக்கொண்டே போய், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டார்.

அந்தத் தை மாதம், பொங்கல் லீவு முடிந்து மலையிலிருந்து திரும்பிய பெண்களில் இரண்டு மூன்று பேர் வேப்பனேரி பெண்கள் விடுதிக்குப் பொன்னுக்கு வீங்கியைக் கொண்டுவந்தார்கள். எண்பத்துநாலு பெண்கள் ஒரே கூரைக்குக் கீழே. சொல்ல வேண்டுமா? காதுக்குக் கீழே தாடை வீங்கும், காய்ச்சலடிக்கும், எச்சில் விழுங்கினால் உயிர் போகும். பத்து நாளில் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். ஆனாலும் மேலிடத்தில் இருப்பவர்களுக்கு வீக்கம் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். அது இருபதைத் தாண்டியதும் உத்தரவு வந்தது. அடுத்த திங்கட்கிழமைக்குள் குறையாவிட்டால் விடுதியை மூடிவிட்டு எல்லாரையும் ஊருக்கு அனுப்ப வேண்டும்.

உத்தரவு வந்த அன்றே ஒரு பெண் தணிகாசலத்தை விடுதி வாசலில் மடக்கினாள். இளவரசி என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"சார், என்னை வீட்டுக்கு அனுப்பிடாதீங்க."

"ஏம்மா, லீவுன்னா சந்தோஷமாப் போவாங்க. நீ என்னடான்னா..."

"போனா திரும்பி வரமாட்டேன் சார். மாமன் வீட்டுல பேசி வெச்சிருக்காங்க. பரீட்சை எழுதி முடிக்கிறவரைக்கும் அப்பாகிட்டத் தவணை வாங்கியிருக்கேன். பாதியில போய் நின்னா, 'அதான் பள்ளிக்கூடமே மூடிட்டாங்களே'ன்னு முடிச்சு வெச்சிருவாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பார்.

எப்படியாவது எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று விடுதியைச் சல்லடை போட்டுத் தேடினார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், தட்டு டம்ளரைப் பார்த்தார். நோய் வந்தவர்கள் படுக்கத் தனி அறை இருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம்தான் அந்தச் செயினைப் பார்த்தார்.

விடுதியின் சமையல்காரம்மா பச்சையம்மாவுடைய மெல்லிசான தங்கச் செயின் அது. பொன்னுக்கு வீங்கினால் கழுத்தில் பொன்னைப் போட வேண்டும், அப்போதுதான் வடியும் என்பது ஊர் வழக்கம். மலையிலிருந்து வந்த பெண்களில் கழுத்தில் தங்கம் போட்டவள் எவளும் இல்லை. அதனால் பச்சையம்மா தன் செயினைக் கழற்றி முறை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி, ராத்திரி ஒருத்தி.

"இது என்னம்மா கூத்து?"

"கூத்தா? பிள்ளைங்களுக்கு அதுல என்ன ஆசை தெரியுமா சார்! தாடை லேசா வலிச்சாலே ஓடியாந்துருது, 'அக்கா, எனக்கும் வந்துருச்சு, செயினைப் போடு'ன்னு. நானும் தொட்டுப் பாத்துட்டு, 'ஆமாடி ராசாத்தி'ன்னு போட்டுத் தனி ரூம்புல படுக்க வெச்சிருவேன்."

"எச்சில்ல பரவுற நோய் இது. ஒருத்தி வாயில வெச்சுக் கடிச்ச செயினை இன்னொருத்தி கழுத்துல போடுறியே! நீதான் ரூம் ரூமாக் கொண்டுபோய்க் கொடுக்குறே."

"நான் கொடுக்கலன்னா மட்டும் வராதா?"

"இது மூடநம்பிக்கை. இன்னியிலேர்ந்து கூடாது."

அது செவ்வாய்க்கிழமை. பச்சையம்மா செயினைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் முகம் தொங்கிப்போனதை அவர் கவனிக்கவே செய்தார். பாவமாகவும் இருந்தது. ஆனால் நல்லதுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கு முந்திய நான்கு நாளில் வந்தவர்கள் மூன்று, நான்கு, நான்கு, ஐந்து. புதன்கிழமை ஒரே ஒருத்தி. வியாழன் பூஜ்யம். வெள்ளியும் பூஜ்யம்.

சனிக்கிழமை காலை தணிகாசலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வரைபடத் தாள்களை ஒட்டி நீளமாகக் கையாலேயே வரைந்த படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். வகுப்பறை மேசையில் அதை விரித்தபோது அவருக்கு வாயெல்லாம் பல்.

"பாருங்க மேடம். மலை ஏறி ஏறி வந்த கோடு, நான் செயினை நிறுத்தின மறுநாளே தொபுக்கடீர்னு விழுந்துச்சு. முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கோட்டை நான் பாத்ததில்ல."

ஷாகிரா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நானும் பாத்ததில்ல" என்றார்.

சீடர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"சார், கிருமி இன்னிக்கு உள்ள போனா, தாடை என்னிக்கு வீங்கும்?"

"சராசரியா பதினேழு நாள். நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

"அந்தப் பதினேழு நாள் அது என்ன பண்ணுது?"

"சத்தமில்லாம பெருகுது. அப்புறம் உடம்பு யாரோ வந்திருக்காங்கன்னு கண்டுபிடிக்குது. ஆள் சேர்க்குது. சண்டை போடுது. சண்டை முத்தும்போதுதான் நமக்கு வெளிய தெரியுது."

"நல்லாச் சொன்னீங்க."

ஷாகிரா படத்தைக் கையில் எடுத்தார். கீழே வரிசையாக எழுதியிருந்த நாட்களை விரலால் எண்ணிக்கொண்டே போய், புதன்கிழமைக்குப் பதினேழு நாள் முந்திய இடத்தில் நிறுத்தினார். பிறகு தாளை மடித்தார். புதன்கிழமை அந்த நாளின் மேல் போய் அச்சாக உட்கார்ந்தது.

"புதன்கிழமை வீங்காம தப்பிச்ச பிள்ளைங்க, இந்த நாள் வாக்குல கிருமி தொத்தாம தப்பிச்சிருக்கணும். இது என்ன நாள் சார்?"

தணிகாசலம் குனிந்து பார்த்தார். "ஞாயித்துக்கிழமை."

"அன்னிக்கு விடுதியில நீங்க என்ன பண்ணுனீங்க?"

"அன்னிக்கு நான் ஊர்லயே இல்லையே. மச்சினன் பேத்திக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தோம்."

"கிடா வெட்டா?"

"ஆமா. நல்ல சாப்பாடு."

"அப்ப புதன்கிழமை நோயைக் குறைச்சது அந்தக் கிடாதான்."

தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார். கொஞ்சம் சிரித்ததும் சிரிப்பு அவரிடம் நிற்காமல் நழுவியது. தாளைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைம்பீங்களா மேடம்?"

"அதுல காக்கா உக்காரவாவது செய்யுது. உங்க காக்கா இன்னும் கிளம்பவே இல்ல. செவ்வாய்க்கிழமை நீங்க செஞ்சதுக்குப் பலன் இருந்தா, அது வந்து சேர இன்னும் ரெண்டு வாரம் ஆகும். ஆனா கோடு மறுநாளே விழுந்திருக்கு."

"ஆமா."

"ஒரே ராத்திரியில மாறக்கூடியது அந்த விடுதியில என்ன சார் இருக்கு?"

கல்லூரியில் எங்கோ மேசை நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. தணிகாசலம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைங்க வாய்" என்றார். "வலிச்சா வந்து சொல்லிக்கிட்டிருந்தாங்க. செயின் இல்லன்னதும் சொல்றதில்ல. அடப்பாவி, நோய் நிக்கல மேடம். அவங்க சொல்றதுதான் நின்னுபோச்சு."



சீடருக்கு முதலில் வெட்கம் வந்தது. அப்புறம் பயம் வந்தது. இளவரசியின் கதையைக் குருவிடம் அப்போதுதான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போய்த் தேடினா எண்ணிக்கை எகிறும். எகிறினா திங்கட்கிழமை மூடிடுவாங்க. மூடினா அந்தப் பொண்ணு வாழ்க்கை போச்சு. மேடம்... நான் இதைப் பாக்காத மாதிரியே இருந்துட்டா?"

"இருக்கலாம்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "இருக்கலாமா?"

"இருந்தா என்ன ஆகும்னு போட்டுப் பாருங்க. கணக்குதானே."

குரு சாக்பீஸை நீட்டினார். சீடர் எழுந்து பலகைக்குப் போனார். மறைக்கிற பெண்கள் தனி அறைக்குப் போகமாட்டார்கள். வராதவர்களோடு ஒரே பாயில் படுப்பார்கள், ஒரே தட்டில் தின்பார்கள். இன்றைக்குத் தொற்றினால் பதினேழு நாள். அவர் விரல் விட்டு எண்ணினார். மார்ச் மூன்று.

"என்ன சார் அன்னிக்கு?"

"பன்னெண்டாவது பரீட்சை. முதல் நாள்."

சாக்பீஸ் அவர் கையில் உடைந்தது. உடைந்த துண்டாலேயே அடுத்த கணக்கைப் போட்டார்.

"சரி, விடுதியை மூடினா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, விடுதி என்று எழுதியிருந்த கட்டத்தை டஸ்டரால் துடைத்தார்.

"துடைச்சிட்டீங்க. உள்ள இருந்தவங்க எங்க சார்?"

"பஸ் ஏறிட்டாங்க."

"பஸ் எங்க போகுது?"

"மலைக்கு. நாப்பத்துமூணு ஊரு." அவர் சின்னச் சின்னக் கட்டமாகப் போட ஆரம்பித்தார். இருபதாவது கட்டத்தில் பலகையில் இடம் தீர்ந்துவிட்டது. சுவரைப் பார்த்தார். பிறகு சாக்பீஸைக் கீழே வைத்தார். "அங்க எத்தனையோ பேருக்கு இது வந்தே இருக்காது மேடம். திறந்த கதவா இருக்கும்."

"அப்ப என்ன செய்யப்போறீங்க?"

"போய்ச் செயினைக் கொடுக்கச் சொல்றேன்."

"ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட்டுல தொடச்சுப் போடச் சொல்லுங்க" என்றார் குரு.

அன்று சாயந்திரம் தணிகாசலம் சமையலறை வாசலில் போய் நின்றார். பச்சையம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அந்தச் செயினை எடும்மா."

"எதுக்கு? செவ்வாய்க்கிழமை அது மூடநம்பிக்கை. சனிக்கிழமை வைத்தியமாயிடுச்சா?"

"வைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் புத்திதான் வீங்கிப்போச்சு. எடும்மா."

பச்சையம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செயின் வந்துவிட்டது என்ற சேதி மாடிக்கு ஏறும் முன்பே படியில் கொலுசுச் சத்தம் கேட்டது.

பதினோரு பேர்! துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, பல்வலி என்று கிராம்பை மென்றுகொண்டு, தாடையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு பதினோரு பேர் வரிசையாக வந்து நின்றார்கள். ஆளுக்கொரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தார்கள். பத்துப் பேர் செயினைப் பார்த்துச் சிரித்தார்கள். வரிசையின் கடைசியில் நின்றவள் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் துப்பட்டாவை எடுத்தாள். இடது தாடை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

"எப்பலேர்ந்து இளவரசி?"

"புதன்கிழமை சார்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா எண்ணிக்கை கூடிடும். கூடினா அனுப்பிடுவீங்க."

"இப்ப மட்டும் ஏன் வந்தே?"

அவள் கீழே பார்த்தாள். "ரெண்டு நாளா ஒம்பதாவது படிக்கிற பாப்பா ஒண்ணு என்கூட ஒட்டிப் படுத்துக்குது சார். அதுக்கு இன்னும் வரல. மனசு கேக்கல."

தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல வேளை, வெங்காயம் அரிந்த இடம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கும் மறுநாளும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. பதினோரு பேரிடமும் வலி தொடங்கிய நாளைக் கேட்டு, வந்து சொன்ன நாளில் வைக்காமல் வலித்த நாளில் புள்ளி வைத்தார். மலைக்குப் போன் போட்டு, எண்பத்துநாலு பேரின் வீட்டிலும், "உங்க பொண்ணுக்குச் சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்திருக்கா?" என்று விசாரித்தார். சிக்னல் கிடைக்காத ஊர்களுக்குப் பால் வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பினார். கணக்கு ஒருவழியாகத் தேறியது. முன்பே வந்தவர்கள் முப்பத்தொன்று. இப்போது வந்தவர்கள் முப்பத்தேழு. வராதவர்கள் பதினாறு. வலித்த நாளில் வைத்த புள்ளிகள் புதனும் வியாழனும் நான்கு நான்காக இருந்து, வெள்ளியும் சனியும் இரண்டிரண்டாக இறங்கியிருந்தன. இந்தத் தடவை கோடு விழவில்லை. சரிந்தது. கிருமிக்குத் திறந்த கதவு குறைந்துகொண்டு வந்தது.

போனில் குருவிடம் படித்துக் காட்டினார். "பதினாறு பேர்ல இன்னும் எத்தனை பேருக்கு வரும்னு போட்டேன் மேடம். ஏழுன்னு வருது."

"ஏழேதானா?"

"முன்ன பின்ன இருக்கும்."

"அதை மறந்துடாதீங்க" என்றார் ஷாகிரா.

திங்கட்கிழமை மேலதிகாரி போனில் குதித்தார். "என்னய்யா தணிகாசலம், வெள்ளிக்கிழமை பூஜ்யம்னே. சனிக்கிழமை பதினொண்ணுங்கறே! மூடு, முதல்ல மூடு."

அதுவரை ஐயா, சரிங்க ஐயா என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியறியாத தணிகாசலம் அன்று அரை மணி நேரம் பேசினார். பூஜ்யம் எப்படிப் பொய் என்று சொன்னார். நாற்பத்துமூன்று ஊரைச் சொன்னார். இன்னும் வராதவர்கள் பதினாறு பேர்தான், உள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கடைசியில் அதிகாரி மூச்சு விட்டார்.

"சரி. இன்னும் எத்தனைன்னு எழுத்துல கொடு. நீ எழுதினதுக்கு மேல ஒண்ணு கூடினாலும் மூடிடணும். அப்புறம் வந்து வம்பளக்கக் கூடாது."

ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் தணிகாசலம். விடுதி திறந்தே இருந்தது.

இரண்டு வாரம் கழிந்து, பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, சனிக்கிழமை அவர் கல்லூரிக்கு வந்தார். கையில் மைசூர்பாக் டப்பா.

"எடுத்துக்குங்க மேடம். உங்க கணக்கு ஒரு பொண்ணைக் காப்பாத்தியிருக்கு. இளவரசிக்கு வீக்கம் சுத்தமா வடிஞ்சு, இப்ப ராப்பகலாப் படிக்குது."

"ரொம்ப சந்தோஷம் சார். எத்தனை பேருக்கு வந்துச்சு அப்புறம்?"

"ஆறு! ஏழுன்னு எழுதினோம், ஆறோட நிக்குது. முதல் வாரத்துலயே ஆறும் வந்துருச்சு. அஞ்சு நாள், ஆறு நாளா ஒண்ணுமே இல்ல. என்ன கச்சிதம் பாருங்க!" அவர் படத்தை விரித்தார். கடைசி ஆறு நாளும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது கோடு.

ஷாகிரா அதைக் குனிந்து பார்த்தார். "ஏழுங்கறது பிள்ளைங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாம? விடுதிக் காப்பாளர் நோட்டீஸ் போர்டுலயே ஒட்டிட்டாங்க. ஏழைத் தாண்டினா விடுதி மூடப்படும்னு. பிள்ளைங்க என்ன பொறுப்பா இருக்காங்கறீங்க! இளவரசிதான் இப்ப எல்லாத்துக்கும் முன்ன நிக்குது. தினம் காலையில போர்டுல எண்ணை எழுதி, ரூம் ரூமாப் போய்ச் சொல்லுது. 'ஆறு ஆயிடுச்சு, பாத்துக்குங்கடி'ன்னு."

"செயின்?"

"அது சும்மாதான் தொங்குது, சமையல் ரூம்பு ஆணியில. யாரும் கேக்கறதில்லன்னு பச்சையம்மா சொல்லுச்சு. நோய் போனப்புறம் எதுக்கு?" அவர் டப்பாவைத் திறந்து நீட்டினார். "அந்தப் பதினாறு பேர்ல பாக்கி பத்துப் பேர் தப்பிச்சாச்சு மேடம். ஒண்ணு வந்தாலும் கணக்குக்குள்ளதான்."

குரு மைசூர்பாக்கை எடுக்கவில்லை.

"நீங்க போட்ட ஏழு நல்ல எண் சார். ஒம்பதுன்னு வந்திருந்தாலும் நல்ல எண்தான். ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

"கேளுங்க மேடம்."

"அந்தப் பத்துப் பேர்ல ஒரு பொண்ணுக்கு நேத்து ராத்திரி தாடை வலிச்சிருந்தா, காலையில எழுந்து அது யார்கிட்ட சார் வந்து சொல்லும்?"

"ஏன், என்கிட்ட..." என்று ஆரம்பித்தார் தணிகாசலம்.

டப்பாவை நீட்டிய கை அப்படியே நின்றது.